லேஸ் அவிழ்ந்த ஓட்டம்

பள்ளிக்கூடத்தில் அவரை விசில் டீச்சர் என்பார்கள். கழுத்தில் எப்போதும் விசில் தொங்குவதால் வந்த பெயர்தான் என்றாலும், அவர் அதை ஊதுவது மிகக் குறைவு. ஒரு தடவை ஊதினால் ஓட வேண்டும், மறுபடி ஊதினால் நிற்க வேண்டும். இந்த இரண்டைத் தவிர விசிலுக்கு வேறு வேலை கொடுக்கக் கூடாது என்று வைத்திருந்தார். கண்டதற்கெல்லாம் ஊதினால் பிள்ளைகள் காதுக்கு அது காக்கை கத்துவது மாதிரி ஆகிவிடுமாம். கூப்பிட, அதட்ட, வரிசையில் நிறுத்த அவருக்குத் தொண்டையே போதும். மாடியில் பாடம் நடத்தும் கணக்கு சார் வெயில் காலத்தில்கூட மைதானத்துப் பக்கத்து ஜன்னலைச் சாத்தி வைப்பது அந்தத் தொண்டைக்குப் பயந்துதான்.

மாடிப்படிக்கு அடியில், கூரை சாய்ந்து இறங்கும் சின்ன அறைதான் அவருடைய அலுவலகம். உள்ளே போகும்போது தலையைக் குனிய வேண்டும். மறந்தவர்கள் நெற்றியைத் தேய்த்துக்கொண்டே வெளியே வருவார்கள். வலைப்பையில் பந்துகள், ஆணிகளில் ஸ்கிப்பிங் கயிறுகள், சுவரோரம் சுருட்டி நிறுத்திய பாய்கள். ரப்பரும் வியர்வையும் சுண்ணாம்புத் தூளும் கலந்த ஒரு வாசனை எப்போதும் இருக்கும். காற்றுப் போன பந்தை அவர் தூக்கிப் போடுவதில்லை. வாளித் தண்ணீரில் அமுக்கி, குமிழி கிளம்பும் இடத்தைப் பார்த்து, ஒட்டி, காற்றடித்து, மறுநாளும் இறங்காமல் இருக்கிறதா என்று அழுத்திப் பார்த்த பிறகுதான் பிள்ளைகள் கையில் கொடுப்பார். காலையில் முதல் மணி அடிப்பதற்குள் மைதானத்தை ஒரு சுற்று நடந்து கல், முள், உடைந்த பேனா மூடி எல்லாவற்றையும் பொறுக்கிவிடுவார். விழுந்து எழுந்த முழங்காலைக் கழுவி மருந்து போடுவதைவிட இது சுலபம் என்பார்.

சின்ன வயதில் அவருக்கு ஓட வராது. இதைச் சொன்னால் பிள்ளைகள் நம்புவதில்லை. அவர் படித்த பள்ளியில் பி.டி. மாஸ்டர் கையில் ஸ்டாப் வாட்ச் வைத்துக்கொண்டு எல்லைக் கோட்டில் நிற்பார். முன்னால் வந்தவர்களுக்கு நல்ல மார்க், பின்னால் வந்தவர்களுக்கு அதற்குத் தக்க மார்க். எல்லாருக்கும் பின்னால் வரும் பெண் வருவதற்குள் மாஸ்டர் வாட்ச்சைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வகுப்பைக் கலைத்துவிடுவார். அவள் வெறும் கோட்டைத் தாண்டி, யாரும் இல்லாத இடத்தில் வந்து நிற்பாள். அப்புறம் வாலிபால் ஆட ஆரம்பித்து, அதில் கை தேர்ந்து, அந்த வழியாகவே பி.டி. படிப்புக்கும் போனபோது, அவருடைய அண்ணன் சிரித்துக்கொண்டே இருந்தாராம்.

"நீ பி.டி. டீச்சரா? நீயே விசில் ஊதி, நீயே ஓடி, நீயே கடைசியா வருவே!"

வேலைக்குச் சேர்ந்ததும் அவர் செய்த முதல் காரியம், அறைக் கதவில் ஒட்டியிருந்த நேர அட்டவணையைக் கிழித்ததுதான். எத்தனை விநாடியில் ஓடினால் எந்த கிரேடு என்று அதில் கட்டம் போட்டிருந்தது. அந்த இடத்தில் தன் கையெழுத்தில் வேறொன்றை எழுதி ஒட்டினார். தயாராக வருவதற்குக் கொஞ்சம் மார்க்: ஷூ, தண்ணீர் பாட்டில், கட்டிய தலைமுடி. சேர்ந்து விளையாடுவதற்குக் கொஞ்சம்: அடுத்தவரைக் கேலி செய்யாமல், பந்தைத் தானே வைத்துக்கொள்ளாமல். மீதி எல்லாம் முன்னேற்றத்துக்கு. வருட ஆரம்பத்தில் ஒரு ஓட்டம், வருடக் கடைசியில் ஒரு ஓட்டம். அவரவர் முதல் ஓட்டத்தோடு அவரவர் கடைசி ஓட்டத்தை வைத்துப் பார்ப்பது. பக்கத்தில் ஓடுகிறவனைப் பற்றிக் கவலையே இல்லை.

ஆசிரியர் அறையில் இது பல வருடங்களாக ஓடும் நகைச்சுவை.

"விளையாட்டுக்கு மார்க்கு. அதுல முன்னேற்றத்துக்குத் தனி மார்க்கு. அடுத்தது என்ன டீச்சர், மூச்சு விடறதுக்கா?" என்பார் கணக்கு சார்.

"ஒழுங்கா விட்டாப் போடுவேன் சார். உங்களுக்கு இப்போ மாடி ஏறினா வாங்குது பாருங்க, உங்களுக்கு சி."

பரீட்சை நெருங்கினால் பி.டி. பீரியடைக் கடன் கேட்டு முதலில் வந்து நிற்பவரும் கணக்கு சார்தான். டீச்சர் கொடுத்ததே இல்லை. ஆனாலும் இருவருக்குள்ளும் நல்ல சிநேகம்.

கிரேடோடு இன்னொரு விஷயமும் சேர்ந்திருந்தது. ஊரின் மறுகோடியில், ரப்பர் ஓடுதளம் போட்ட பெரிய மைதானம் ஒன்று உண்டு. அங்கே காலை வேளையில் ஒரு பயிற்சியாளர் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஓடக் கற்றுக்கொடுக்கிறார். இந்தப் பள்ளியிலிருந்து யாரை அனுப்புவது என்று முடிவு செய்வது விசில் டீச்சர். வேகமாக ஓடுகிற நாலு பேரையே வருடா வருடம் அனுப்பக் கூடாது என்று அவர் ஒரு விதி வைத்தார். பி.டி.யில் ஏ கிரேடு வாங்கியவர்கள் அடுத்த வருடம் போகலாம். அவ்வளவுதான். விதி நன்றாகத்தான் இருந்தது.

அந்த வருடம் அவருடைய மகள் ஏழாம் வகுப்புக்கு வந்தாள், அம்மாவிடமே பி.டி. படிக்க வேண்டியதாயிற்று. அவளுக்கு அப்பாவின் கால்கள். அப்பா டவுன் பஸ் ஓட்டுகிறார்; உட்கார்ந்தால் முழங்கால் ஸ்டீயரிங்கில் இடிக்கும் உயரம். மகள் நடக்கவே மாட்டாள். கடைக்குப் போனாலும் ஓட்டம், குளிக்கப் போனாலும் ஓட்டம். பெரிய மைதானத்தின் சிவப்பு ஓடுதளத்தை அப்பாவின் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்த நாளிலிருந்து அவளுக்கு அதே நினைப்பு. எட்டாம் வகுப்பில் அங்கே போயாக வேண்டும். அதற்கு ஏழாம் வகுப்பில் ஏ வாங்க வேண்டும். வீட்டுச் சுவரில் அவள் பென்சிலால் ஒரு பெரிய ஏ எழுதி, அம்மாவிடம் திட்டு வாங்கி, பாதியை மட்டும் அழித்து வைத்திருந்தாள்.

பள்ளியில் டீச்சர், வீட்டில் அம்மா என்று முதல் நாளே பேசி வைத்துக்கொண்டார்கள். மகள் அதைக் கொஞ்சம் அதிகமாகவே கடைப்பிடித்தாள். பள்ளிக் கேட்டைத் தாண்டி வந்த பிறகும், "டீச்சர், பசிக்குது" என்பாள். "என் பொண்ணு எங்கேம்மா, பாத்தியா? கேட்டுக்குள்ளயே விட்டுட்டு வந்துட்டேன் போல" என்பார் இவர்.

வருட ஆரம்பத்து ஓட்டம் ஒரு மேகமூட்டமான காலையில் நடந்தது. மைதானத்தைச் சுற்றிச் சுண்ணாம்புக் கோடு. வகுப்பில் சுருட்டை என்று ஒரு பையன். தலைமுடிதான் பெயருக்குக் காரணம். அவன் எல்லார் காதிலும் ஏதோ சொல்லிக்கொண்டு போனதை டீச்சர் பார்த்தார். விசில் ஊதினார். மகள் வில்லிலிருந்து அம்பு கிளம்பியது போலக் கிளம்பினாள். அவளுக்குப் பின்னால் வகுப்பே கிளம்பியது. கொஞ்ச தூரம் போனதும் ஒருவன் குனிந்து ஷூ லேஸைக் கட்டினான். அவனைத் தாண்டிப் போன பெண்ணும் குனிந்தாள். அப்புறம் இன்னொருவன். வளைவில் ஒரு கூட்டமே உட்கார்ந்து, இழவு வீட்டில் உட்கார்ந்தது போன்ற முகத்தோடு லேஸ் கட்டிக்கொண்டிருந்தது. மகள் வந்து சேர்ந்து, மூச்சு வாங்கி, தண்ணீர் குடித்து, மூடியையும் போட்ட பிறகுதான் அடுத்த ஆள் எல்லைக் கோட்டுக்கு வந்தான்.

எல்லாருக்கும் கடைசியாக கூட்ஸ் வந்தாள். கூட்ஸ் வண்டி என்று அந்தப் பெண்ணை வகுப்பில் கூப்பிடுவார்கள். கனமான உடம்பு, ஒரே சீரான வேகம், புஸ் புஸ் என்ற மூச்சு. அவள் எங்கும் நிற்கவில்லை. டீச்சர் வழக்கம் போல அவள் வரும் வரை கோட்டிலேயே நின்று, நேரத்தைக் குறித்துக்கொண்டு, முதுகில் தட்டிக் கொடுத்தார்.

அன்று மதியம் அவர் ஆசிரியர் அறையில் மிகவும் வருத்தப்பட்டார். "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஒரு முடிச்சுப் போடத் தெரியல சார். வீட்ல யாரும் சொல்லித் தர்றதில்ல போல."

மறு வாரம் ஒரு முழு பீரியடை ஒதுக்கி லேஸ் கட்டுவது எப்படி என்று பாடம் நடத்தினார். ஸ்கிப்பிங் கயிற்றைத் தூணில் சுற்றி, முதல் முடிச்சு, வளையம், மேலே இன்னொரு முடிச்சு என்று பெரிதாகச் செய்து காட்டினார். வகுப்பு அவ்வளவு அமைதியாக இருந்து அவர் பார்த்ததில்லை. சிலருக்குக் கண்ணில் தண்ணீர்கூட வந்தது. சுருட்டை முகத்தைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டான். "ஜலதோஷம் டீச்சர்" என்றான். மகள் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வருடம் போயிற்று. எறிந்தார்கள், பிடித்தார்கள், தாண்டினார்கள், கீழே விழுந்து அழுதார்கள். கூட்ஸ் அந்த ஒரு வருடத்தில் ஒரே வீச்சில் வளர்ந்துவிட்டாள். அந்த வயதில் சில பெண்களுக்கு அப்படித்தான் ஆகும். உயரத்தோடு எடையும் கூட, முழங்கால் வலிக்கிறது என்று சொல்ல ஆரம்பித்தாள். ஒரு பீரியடுக்கும் வராமல் இருந்ததில்லை.

கடைசி ஓட்டத்தன்று விசில் ஊதியதும் வகுப்பே பறந்தது. ஒரு லேஸ் அவிழவில்லை. டீச்சருக்குக் கண்ணை நம்ப முடியவில்லை. ஆரம்பத்தில் நடந்து வந்தது மாதிரி வந்த பிள்ளைகள் எல்லாம் குதிரை மாதிரி வந்து விழுந்தார்கள். அன்று மாலையே தலைமை ஆசிரியையிடம் போய்ச் சொன்னார். தலைமை ஆசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, இரண்டு ஓட்டத்தின் நேரங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"இவ்வளவு முன்னேற்றமா? நம்ம ஆசிரியர் கூட்டத்துல இதை நீங்க விளக்கிச் சொல்லணும். மத்த பாடக்காரங்களும் கத்துக்கட்டும்."

படியிறங்கி வந்த விசில் டீச்சர், தன் அறைக்குள் நுழையும்போது பல வருடங்களுக்குப் பிறகு முதல் தடவையாகத் தலையைக் குனிய மறந்தார்.

வெள்ளிக்கிழமை மாலை வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து கிரேடு போட்டார். நெற்றி வீங்கியிருந்தது. ஏறக்குறைய எல்லாருக்கும் ஏ, ஏ, ஏ. வரிசையில் மகள் பெயர் வந்தது. தயாராக வருவதில் முழு மார்க். சேர்ந்து விளையாடுவதில் முழு மார்க். முன்னேற்றத்தில் கொஞ்சம்தான். ஏற்கெனவே வேகமாக ஓடியவள் இன்னும் சற்று வேகமாக ஓடியிருந்தாள். கூட்டிப் பார்த்தார். பி. மறுபடி கூட்டினார். பி.

கணவர் வேலை முடிந்து வந்து, சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே எட்டிப் பார்த்தார்.

"என்ன டீச்சரம்மா, முகம் சரியில்ல? யாரு ஃபெயிலு?"

"யாரும் இல்லங்க. வகுப்பு முழுக்க இந்த வருஷம் அப்படி முன்னேறியிருக்கு. நம்ம பொண்ணுதான்..." என்று நிறுத்தி, "பி வருது" என்றார்.

"இவளுக்கு பி-யா? பஸ் ஸ்டாப்புல விட்டுட்டு வந்தா நம்ம பஸ்ஸுக்கு முன்னாடி வீட்ல நிக்கிறா!"

"வேகத்துக்கு இல்லங்க மார்க்கு. முன்னேற்றத்துக்கு. முதல் ஓட்டத்துல எல்லாரும் ரொம்பப் பின்தங்கியிருந்தாங்க. பாவம், லேஸே கட்டத் தெரியாது அதுங்களுக்கு. நான்தான் சொல்லிக் கொடுத்தேன்."

உள்ளறையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா அழுகையா என்று சொல்ல முடியாத சத்தம். மகள் வாசலில் வந்து நின்றாள்.

"அம்மா, அவங்களுக்கு எல்லாம் லேஸ் கட்டத் தெரியும்மா. மூணாம் கிளாஸ்லயே தெரியும்."

"அப்புறம் ஏன்..."

"மெதுவா ஓடணும்னுதான். முதல்ல மெதுவா ஓடிட்டு, கடைசியில வேகமா ஓடினா ஏ. நீதானே கதவுல எழுதி ஒட்டியிருக்க? சுருட்டைதான் படிச்சுப் பாத்துட்டு எல்லார்கிட்டயும் சொன்னான். சும்மா நடந்தா நீ கண்டுபிடிச்சிடுவேன்னுதான் லேஸ்."

கணவர் ஒரு கணம் இருவரையும் பார்த்தார். பிறகு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். "அடப்பாவிங்களா! எங்க டிப்போல படிச்ச பசங்க மாதிரியே இருக்காங்களே! புது ரூட்டுக்கு நேரம் குறிக்க ஆபீசர் ஏறினார்னா, அன்னைக்கு எங்க ஆளுங்க ஒவ்வொருத்தரும் கன்னுக்குட்டிக்கு வழி விட்டு, கோழிக்கு வழி விட்டு..."

"கொஞ்சம் சும்மா இருங்க."

அவர் சும்மா இருந்தார். தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது.

டீச்சர் மகளைப் பார்த்தார். "உனக்கு அன்னைக்கே தெரியுமா?"

"ம்."

"நீ மட்டும் ஏன் அப்படிச் செய்யல?"

மகளுக்குக் கேள்வியே புரியாதது போல முகம் சுருங்கியது. "நீ விசில் ஊதின. நான் ஓடினேன்."

அப்புறம்தான் அவளுக்கு அழுகை வந்தது. "எல்லாரும் பொய்யா ஓடினாங்க, அவங்களுக்கு ஏ. நான் நிஜமா ஓடினேன், எனக்கு பி. அவங்க எல்லாம் பெரிய மைதானத்துக்குப் போவாங்க. சுருட்டைக்கு ஓடவே பிடிக்காதும்மா! அவன் போவான்!"

கதவு சாத்திக்கொண்டது. சுவரில் பாதி அழிந்த ஏ, அழியாத பாதியோடு நின்றது.

"திருத்திடு" என்றார் கணவர், இப்போது சிரிக்காமல். "அவங்க ஏமாத்தினாங்கன்னு தெரிஞ்சுபோச்சே."

"எப்படிங்க திருத்தறது? என்ன சொல்லித் திருத்தறது? கதவுல எழுதி ஒட்டினது நான். அதுல எங்கயும் முதல் நாளே உயிரைக் கொடுத்து ஓடணும்னு எழுதல. இன்னைக்கு வரைக்கும் சும்மா இருந்துட்டு, என் பொண்ணுக்கு பி வந்ததும் விதியை மாத்தினேன்னா, நாளைக்கு எந்தப் பிள்ளை என் விசிலை மதிக்கும்?"

"மத்த பிள்ளைங்களுக்கு எல்லாம் நியாயம் பாப்பே. நம்ம பொண்ணுன்னா மட்டும் அவ தலையில கட்டிடுவே."

பி-யை அப்படியே விட்டுவிட்டு டீச்சர் மேசையிலிருந்து எழுந்தார். சனி, ஞாயிறு இரண்டு நாளும் மகள் அவரை டீச்சர் என்று மட்டுமே கூப்பிட்டாள். சிரிப்பு இல்லாமல்.

திங்கட்கிழமை பி.டி. பீரியடில் வகுப்பை மரத்தடியில் உட்கார வைத்தார். தொண்டையை உயர்த்தவில்லை.

"எல்லாரும் உங்க லேஸைப் பாருங்க. நல்லா கட்டியிருக்கீங்களா?"

வகுப்பு முழுவதும் அசையாமல் உட்கார்ந்தது. அவருக்குத் தெரிந்துவிட்டது என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. சுருட்டை மெதுவாகக் கேட்டான். "எங்க ஏ-வை எடுத்துடுவீங்களா டீச்சர்?"

"இல்ல. எழுதி ஒட்டினது நான். அதுப்படிதான் ஓடினீங்க. ஏ உங்களுதுதான்."

பல வாய்களிலிருந்து ஒரே நேரத்தில் மூச்சு வெளியே வந்தது. ஒருவன் பக்கத்தில் இருந்தவன் தொடையில் தட்டினான். யாரும் எழுந்து நின்று எனக்கு ஏ வேண்டாம் என்று சொல்லவில்லை. அவர் அதை எதிர்பார்க்கவும் இல்லை.

"அடுத்த வருஷம் வர்ற பிள்ளைகளுக்கு எப்படி மார்க் போடலாம், சொல்லுங்க. எங்க ஓட்டை இருக்குன்னு உங்களுக்குத்தான் நல்லாத் தெரியும்."

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் சுருட்டையால் அடக்க முடியவில்லை. "முதல் ஓட்டம்னு நாள் குறிக்காதீங்க டீச்சர். துரத்திப் பிடிக்கிற ஆட்டம் வைங்க, அதுல பாருங்க. பின்னாடி ஒருத்தன் பிடிக்க வர்றப்போ எவனும் லேஸ் கட்ட மாட்டான்."

வகுப்பு சிரித்தது. டீச்சரும் சிரித்துவிட்டார். அது நல்ல யோசனை என்று அவருக்கு உடனே பட்டது. சொன்னது யார் என்பதுதான் கொஞ்சம் கசந்தது.

அப்போது பின் வரிசையிலிருந்து கூட்ஸ் கேட்டாள். "டீச்சர், எனக்கு என்ன கிரேடு?"

அவர் சொல்லத்தான் வேண்டியிருந்தது. "சி."

"அப்போ பெரிய மைதானத்துக்கு நான் போக முடியாதா?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். டீச்சர் திரும்பிப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு நின்றது. கூட்ஸ் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு பதிலுக்குக் காத்திருந்தாள்.

"உனக்குப் போகணுமா?"

"ஆமா டீச்சர். அங்க தரை மெத்துன்னு இருக்குமாமே. முட்டி வலிக்காது."

"நீ ஏன்மா அன்னைக்கு லேஸ் கட்ட நிக்கல?"

"நின்னா மறுபடி கிளம்ப முடியாது டீச்சர்."

இதற்கு வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. கூட்ஸும் சேர்ந்து சிரித்தாள். டீச்சர் சிரிக்கவில்லை. கதவில் இருந்த பழைய அட்டவணையைக் கிழித்த நாள் அவருக்கு நினைவு வந்தது. யாருக்காகக் கிழித்தாரோ அந்தப் பெண் இதோ உட்கார்ந்திருக்கிறாள். ஒரு பீரியட் தவறாமல் வந்து, ஒரு இடத்திலும் நிற்காமல் ஓடி, ஆனாலும் முதல் ஓட்டத்தைவிடப் பிந்தி வந்ததால் சி வாங்கியிருக்கிறாள். விநாடிக் கட்டம் அவளுக்கு என்ன கொடுத்திருக்குமோ அதையேதான் இவருடைய விதியும் கொடுத்திருந்தது.

கூட்ஸுக்கு அடுத்து உட்கார்ந்திருந்த மகள் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சி என்று ஒன்று இருப்பதே அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது போல இருந்தது.

புதன்கிழமை ஆசிரியர் கூட்டம். மேசை மேல் தேநீர். தலைமை ஆசிரியை முன்னுரை சொன்னார். முன்னேற்றத்தை அளக்கும் முறை, நம் எல்லாருக்கும் எடுத்துக்காட்டு என்றெல்லாம். விசில் டீச்சர் எழுந்தார்.

"மேடம், அந்த முன்னேற்றத்துல முக்கால்வாசி பொய். பிள்ளைங்க என்னை ஏமாத்தல, நான் எழுதினதை ஒழுங்காப் படிச்சிருக்காங்க" என்று ஆரம்பித்து லேஸ் கதையை முழுவதும் சொன்னார். முடிச்சுப் பாடம் நடத்திய கதையையும் விடவில்லை. தூணில் கட்டிய ஸ்கிப்பிங் கயிறு வந்தபோது கணக்கு சார் தேநீரைக் கீழே வைத்துவிட்டார். அறிவியல் டீச்சர் மேசையில் தலையைக் கவிழ்த்துச் சிரித்தார். விசில் டீச்சர் அவர்கள் சிரித்து முடிக்கும் வரை பொறுமையாக நின்றார்.

"மார்க்கைத் திருத்தணுமா?" என்றார் தலைமை ஆசிரியை.

"வேண்டாம் மேடம். சொன்ன சொல்லு சொன்னதுதான். மாத்த வேண்டியது வேற ஒண்ணு. பெரிய மைதானத்துக்கு ஏ வாங்கினவங்கதான் போகணும்னு நான் வச்ச விதி. அதை எடுத்துடறேன். வரணும்னு ஆசைப்படற பிள்ளை யாரா இருந்தாலும் வரட்டும். காலைல எழுந்து தொடர்ந்து வந்தாப் போதும்."

"வகுப்பே வந்துட்டா?"

"விடியக்காலைல மேடம். எத்தனை பேர் வருவாங்கன்னு நீங்களே பாருங்க."

கணக்கு சார் குரலைத் தாழ்த்திக் கேட்டார். கேலிதான், ஆனால் உள்ளே ஒரு முள்ளும் இருந்தது. "உங்க பொண்ணுக்கு என்ன டீச்சர் கிரேடு?"

"பி."

"ஓ. அதுக்காகத்தானோன்னு பாத்தேன்."

"அதுக்காகவும்தான் சார்" என்றார் அவர். "அவ அழுதப்போ விதியை மாத்தக் கூடாதுன்னு உட்கார்ந்திருந்தேன். இன்னொரு பொண்ணு கேட்டப்போதான் விதியே தப்புன்னு புரிஞ்சுது. இப்போ என் பொண்ணு அதுல இருக்காங்கறதுக்காக அந்தப் பொண்ணை வெளியே நிறுத்த முடியாது. நாலு பேரு பேசினா பேசட்டும்."

கணக்கு சார் கீழே வைத்த தேநீரை எடுத்துக் குடித்தார். கூட்டம் முடிந்து படியிறங்கும்போது, "அந்த முடிச்சை எனக்கும் சொல்லிக் குடுங்க டீச்சர், என் பையனுக்கு இன்னும் தெரியல" என்றார்.

பயிற்சியாளரிடம் போனில் பேசியபோது அவர் அலட்டிக்கொள்ளவே இல்லை. "ஓட வர்றவங்களை வரச் சொல்லுங்க. வராதவங்களோடதான் எனக்குப் பிரச்சனை" என்றார்.

வாரக் கடைசியில் மதிப்பெண் அட்டைகள் வீட்டுக்குப் போயின. பி.டி. வரிசையில் டீச்சரின் கையெழுத்து. அடியில் பெற்றோர் கையெழுத்துக்கு ஒரு இடம். அந்த இடத்தில் எப்போதும் அப்பாதான் போடுவார். ஒரே ஆள் இரண்டு இடத்திலும் போட்டால் நன்றாக இருக்காது என்று டீச்சர் ஒதுங்கிவிடுவார். அன்று அப்பாவுக்கு மாலை ஷிப்ட். மகள் அட்டையை எடுத்துக்கொண்டு சமையலறைக்கு வந்து நின்றாள்.

"அம்மா, கையெழுத்து."

"அப்பா வரட்டுமே."

"நீ போடு."

கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தார். தமிழ், கணக்கு, அறிவியல், எல்லாவற்றுக்கும் நடுவில் அவர் எழுதிய பி தனியாகத் தெரிந்தது.

"கோபமாடி?"

மகள் யோசித்தாள். "கொஞ்சம். அப்பா சொல்றாரு, கூட்ஸுக்கு சி வராம இருந்திருந்தா நான் வீட்லயே கிடந்திருப்பேனாம்."

"அப்பாவுக்கு வாய் அதிகம்." சற்றுப் பொறுத்து, "ஆனா அது நிஜம்தான்" என்றார்.

அட்டையைக் கிச்சன் மேடையில் வைத்து, ஈரம் படாத பக்கமாக நகர்த்தி, அடியில் கையெழுத்துப் போட்டார். மகள் மேலேயும் கீழேயும் ஒப்பிட்டுப் பார்த்தாள்.

"கீழ போட்டது கொஞ்சம் கோணலா இருக்கு."

"அது அம்மா போட்டது. அப்படித்தான் இருக்கும்."

பள்ளி திறந்த முதல் வாரம், இன்னும் வெளிச்சம் சரியாக வராத நேரத்தில், டீச்சரும் மகளும் அப்பாவின் முதல் ட்ரிப் பஸ்ஸில் பெரிய மைதானத்துக்குப் போனார்கள். ஏ வாங்கியவர்களில் பாதிப் பேருக்கும் மேல் வரவில்லை. சுருட்டை வந்தான், தூக்கம் கலையாத முகத்தோடு, "எங்கம்மா எழுப்பி விட்டுட்டாங்க டீச்சர்" என்றான். கூட்ஸ் எல்லாருக்கும் முன்னால் வந்து ஓடுதளத்தைக் கையால் அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். பயிற்சியாளர் இன்னும் வரவில்லை. "சும்மா ஒரு சுற்று ஓடி உடம்பைச் சூடாக்குங்க" என்று சொல்லி டீச்சர் விசில் ஊதினார்.

மகள் முன்னால் போனாள். கூட்ஸ் தன் வேகத்தில் கிளம்பினாள். முதல் வளைவில் அவளுடைய இடது ஷூவின் லேஸ் அவிழ்ந்து, இரண்டு பக்கமும் அடித்துக்கொண்டு வந்தது. நிஜமாகவே அவிழ்ந்திருந்தது.

"டீச்சர், லேஸ்! லேஸ்!" என்று சுருட்டை கத்தினான். எல்லாரும் சிரித்தார்கள்.

டீச்சர் விசிலை வாய்க்குக் கொண்டுபோனார். தடுக்கி விழுந்தால் என்ன ஆவது? தூரத்திலிருந்தே கூட்ஸ் கையை ஆட்டினாள்.

"ஊதாதீங்க டீச்சர்! நின்னா கிளம்ப முடியாது!"

முன்னால் போய்க்கொண்டிருந்த மகள் திரும்பிப் பார்த்தாள். வேகத்தைக் குறைத்து, கூட்ஸின் பக்கத்துக்கு வந்து, அவளோடு சேர்ந்து ஓடிக்கொண்டே ஏதோ சொன்னாள். இருவரும் அப்படியே மெதுவாக, காலைப் பார்த்துப் பார்த்து எடுத்து வைத்து, வளைவைத் தாண்டி வந்தார்கள். டீச்சர் விசிலைக் கழுத்தில் விட்டுவிட்டு, எல்லைக் கோட்டில் ஒரு முழங்காலை ஊன்றி உட்கார்ந்து, அந்த லேஸ் வந்து சேரக் காத்திருந்தார்.